மருந்தை மாற்றினால் உடம்பில் ஒளிந்திருக்கும் எச்.ஐ.வி. போய்விடுமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது 2016-இல் தெரிந்தது. முதலில் எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரை, பிறகு சில வருடங்களாக டிஎல்டி, அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் கலந்த ஒரே மாத்திரை. வைரல் லோட், அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, ஒவ்வொரு முறையும் 'கண்டறிய முடியாத அளவு' என்றே வருகிறது. ஆனால் கிருமி செல்லுக்குள் ஒளிந்துதான் இருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் தின்றதெல்லாம் வீணா என்று மனம் வெறுத்துப்போய் பத்து நாளாக மாத்திரையைத் தொடவில்லை. இன்னும் வலுவான மருந்துக்கோ வெளிநாட்டில் போடுகிற ஊசிக்கோ மாறினால் மிச்சமும் ஒழிந்துவிடுமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் ஒன்று. மாத்திரை வீட்டில் இருந்தால் இன்று ராத்திரியே போடச் சொல்லுங்கள், பத்து நாள் விட்டதற்காகச் சேர்த்துப் போட வேண்டியதில்லை, வழக்கம்போல ஒன்றுதான். காலையில் கூட்டு மருந்து (ஏஆர்டி) மையத்துக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லட்டும். மீதியை அதற்கப்புறம் நிதானமாகப் படிக்கலாம், ஏனென்றால் பதில் நீளமானது.

வீடியோவில் சொன்னது பொய்யில்லை. கிருமி ஒளிந்திருப்பது உண்மை. ஆனால் அதிலிருந்து உங்கள் அண்ணன் எடுத்த முடிவு தலைகீழ். ஏன் என்று புரிய, இந்த மருந்துகள் எங்கே வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டும்.

எச்.ஐ.வி. நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகையான சிடி4 செல்லைப் பிடித்து உள்ளே போகிறது. அதன் மரபுப்பொருள் ஆர்என்ஏ. உள்ளே போனதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியைக் கொண்டு அதை டிஎன்ஏவாக எழுதிக்கொள்கிறது. பிறகு இன்டகிரேஸ் என்ற இன்னொரு நொதி அந்த டிஎன்ஏவை நம் குரோமோசோமுக்குள்ளேயே ஒட்டிவிடுகிறது. அதற்கு மேல் அந்தச் செல்லைப் பொறுத்தவரை அது நம் சொந்த மரபணு மாதிரிதான், எது நம்முடையது எது வந்து ஒட்டியது என்று பிரித்துப் பார்க்கிற வழி செல்லுக்குக் கிடையாது. அங்கிருந்து புது வைரஸின் பாகங்கள் தயாராகி வெளியே வரும்போது, புரோட்டியேஸ் என்ற மூன்றாவது நொதி அவற்றை வெட்டி ஒழுங்குபடுத்தினால்தான் அந்த வைரஸ் அடுத்த செல்லைத் தொற்றும்.

இப்போது மருந்துகளைப் பாருங்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், பழைய ஜிடோவுடின், நெவிரபின், எஃபாவிரென்ஸ் எல்லாம் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதும் படியில் நிற்கின்றன. டோலுடெக்ராவிர், ரால்டெக்ராவிர், ஊசியாக வரும் காபோடெக்ராவிர் மூன்றும் ஒட்டும் படியில். லோபினாவிர், அட்டாசனாவிர், டாருனாவிர் கடைசியில், வெட்டும் படியில். இவற்றில் ஒன்றுகூட ஏற்கெனவே குரோமோசோமில் ஒட்டிவிட்ட டிஎன்ஏவைத் தொடாது, அந்தச் செல்லைக் கொல்லவும் கொல்லாது (ஒரு சின்ன விதிவிலக்கைப் பின்னால் சொல்கிறேன்). எல்லாமே அடுத்த செல்லுக்குப் போகிற பாதையைத்தான் அடைக்கின்றன. அப்படியானால் ரத்தத்தில் வைரஸ் எப்படிக் குறைகிறது? வைரஸை உற்பத்தி செய்துகொண்டிருக்கும் செல் தானாகவே ஓரிரு நாளில் செத்துவிடும். புதிதாக எதுவும் தொற்றாததால் அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. அதனால்தான் மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் வைரல் லோட் மளமளவென்று விழுகிறது, பிறகு கொஞ்சம் நீண்ட நாள் வாழும் செல்கள் மெதுவாகச் சாகச் சாக இன்னும் இறங்குகிறது.

1996-இல் மூன்று மருந்துச் சேர்க்கை வந்தபோது எல்லோரும் இந்த வேகத்தைப் பார்த்துத்தான் மயங்கினார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. 1987-இல் ஜிடோவுடின் மட்டும் தனியாக வந்து, சில மாதங்களிலேயே வைரஸ் அதற்குப் பழகிக்கொண்டு, நோயாளிகள் கண்ணெதிரே இறந்துகொண்டிருந்த காலம் அது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். 1997-இல் ஆலன் பெரல்சன், டேவிட் ஹோ குழுவினர் இந்த இறங்குமுகத்தைக் கணக்குப் போட்டு, முழுமையாக அடைக்கும் சிகிச்சையை 2.3 முதல் 3.1 வருடம் கொடுத்தால் கிருமி உடம்பிலிருந்து போய்விடக்கூடும் என்று எழுதினார்கள். ஆனால் நமக்குத் தெரியாத வேறு கூடாரம் எதுவும் உடம்பில் இல்லாவிட்டால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருந்தது.

கூடாரம் இருந்தது. அதே 1997-இல் பால்டிமோரில் ராபர்ட் சிலிசியானோ, சான் டியேகோவில் டக்ளஸ் ரிச்மன், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அந்தோணி ஃபௌச்சி என்று மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் காட்டின. வைரல் லோட் கண்டறிய முடியாத நோயாளிகளின் ஓய்வுநிலையில் இருக்கும் சிடி4 நினைவுச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் தூண்டிவிட்டால், உயிருள்ள, தொற்றக்கூடிய வைரஸ் வெளியே வருகிறது.

நினைவுச் செல் என்பது சின்ன வயதில் வந்த அம்மையைக்கூட வயதான பிறகும் நினைவு வைத்திருக்கிற செல். பல வருடம் சும்மா உறங்கிக்கொண்டே உயிரோடு இருப்பதுதான் அதன் வேலை. எச்.ஐ.வி. அதற்குள் போய் ஒட்டிக்கொண்டு கூடவே உறங்குகிறது. எந்தப் புரதமும் தயாரிக்காததால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அடையாளம் காண முடியாது, மருந்துக்கும் அங்கே பிடிக்க எதுவும் கிடையாது. வயலில் கோரை முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே அறுத்துவிட்டால் நிலம் சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், ஈரம் பட்டதும் மறுபடி தலைகாட்டும். வைரல் லோட் சோதனை மேலே தெரிகிற கோரையை அளக்கிறது. கிழங்கை அளப்பதில்லை.

கிழங்கு எவ்வளவு இருக்கும்? ஓய்விலுள்ள சிடி4 செல்கள் பத்து லட்சம் எடுத்தால், தொற்றக்கூடிய வைரஸைத் தூண்டி வெளியே கொண்டுவர முடிவது ஏறத்தாழ ஒன்றிலிருந்துதான். எச்.ஐ.வி. டிஎன்ஏ அதைவிடப் பல மடங்கு அதிகமான செல்களில் இருக்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, பத்தில் ஒன்பதுக்கும் மேல், எழுதும்போதே பிழையாகி உடைந்துபோனவை, அவற்றால் முழு வைரஸை உருவாக்க முடியாது. சிலிசியானோ குழு 2003-இல் பல வருடம் தொடர்ந்து அளந்து, இந்தச் சேமிப்பு, அதாவது வைரஸோடு உறங்கும் செல்களின் கூட்டம், பாதியாகக் குறைய 44 மாதம் ஆகிறது என்று காட்டியது. உடம்பு முழுக்க அப்படிப்பட்ட செல்கள் பத்து லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்தைப் பாதி பாதியாக வெட்டி ஒன்றுக்குக் கொண்டுவர இருபது முறை வெட்ட வேண்டும். இருபது தடவை 44 மாதம் என்றால் 73 வருடம். மூன்று வருடக் கனவு அங்கே முடிந்தது.

இனி உங்கள் கேள்வி. மருந்தின் வகையையோ அளவையோ மாற்றினால் இந்த 44 மாதம் குறையுமா? இதை ஊகத்தில் விடாமல் நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரணச் சோதனையில் 'கண்டறிய முடியாத' நிலையில் இருப்பவர்களின் ரத்தத்திலும், மிக நுணுக்கமான சோதனை வைத்துப் பார்த்தால், மில்லிக்கு ஒன்றிரண்டு மூன்று என்ற அளவில் வைரஸ் ஆர்என்ஏ இருந்துகொண்டே இருக்கிறது, பல வருடம் கழித்தும். இதற்கு இரண்டு விளக்கம்தான் இருக்க முடியும். ஒன்று, மருந்து முழுசாக அடைக்கவில்லை, எங்கோ ஒரு ஓட்டை வழியாகப் புதுச் செல்கள் தொற்றிக்கொண்டே இருக்கின்றன. அல்லது, மருந்து முழுசாக அடைத்துவிட்டது, உறங்கும் செல்கள் அவ்வப்போது விழித்துத் துளித்துளியாக வைரஸை வெளியே விடுகின்றன. முதல் விளக்கம் சரியென்றால் நான்காவதாக ஒரு மருந்தைச் சேர்த்தால் அந்தத் துளி குறைய வேண்டும். ரால்டெக்ராவிர் வந்தபோது அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகளில் அந்த மிச்ச வைரஸ் அசையவே இல்லை. வேறு மருந்துகளைச் சேர்த்தபோதும் அப்படியே. டோலுடெக்ராவிரைக் கூடுதலாகச் சேர்த்து 2018-இல் வெளியான ஆய்விலும் சேமிப்பு குறையவில்லை.

ஒரு நெருடலை மறைக்கக் கூடாது. அதே 2010-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ரால்டெக்ராவிர் சேர்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் வேறொரு தடயத்தைப் பார்த்தார்கள். ஒட்ட முடியாமல் போன வைரஸ் டிஎன்ஏ வட்டமாகச் சுருண்டு கிடக்கும், அந்த வட்டங்கள் சில வாரத்துக்கு அதிகரித்தன. ஒட்டுவதைத் தடுத்ததும் வட்டம் கூடுகிறது என்றால், அதுவரை ஒட்டல் நடந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்? குறிப்பாக, புரோட்டியேஸ் மருந்துகளை நம்பியிருந்தவர்களிடம் இது அதிகம் தெரிந்தது. நிணநீர்க் கணுக்களில், அதாவது நெறி கட்டுகிற இடங்களில், சில மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் அளவுக்குப் போய்ச் சேர்வதில்லை என்று 2014-இல் இன்னொரு குழு காட்டியது. ஆக, எல்லா மருந்தும் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி அடைக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது, இந்த விவாதம் இன்னும் முழுசாக முடியவுமில்லை. என் கணிப்பைக் கேட்டால், அப்படி ஓட்டை இருந்தாலும் அது சிலரிடம், சில சேர்க்கைகளில், சிறிய அளவில். ஓட்டை பெரிதாக இருந்திருந்தால் வருடம் போகப் போக வைரஸின் மரபணு மாறிக்கொண்டே போகும், மருந்துக்கு எதிர்ப்பும் உருவாகிவிடும். ஒழுங்காக மாத்திரை போடுகிறவர்களிடம் பத்து வருடம் கழித்து எடுத்த வைரஸும் சிகிச்சைக்கு முன் இருந்ததைப் போலவே இருக்கிறது.

அப்படியென்றால் சேமிப்பு ஏன் தீராமல் இருக்கிறது? 2014-க்குப் பிறகு இதற்கு நல்ல பதில் கிடைத்தது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். உறங்கும் செல் வெறுமனே உறங்குவதில்லை, அவ்வப்போது இரண்டாகப் பிரிகிறது. நினைவுச் செல்கள் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ள அப்படித்தான் செய்யும். ஒரு செல் பிரியும்போது தன் குரோமோசோமை நகலெடுக்கிறது, கூடவே ஒட்டியிருக்கும் வைரஸ் டிஎன்ஏவும் நகலாகிவிடுகிறது. இங்கே வைரஸின் நொதி எதற்கும் வேலையே இல்லை. செல்லின் சொந்த இயந்திரம்தான் நகலெடுக்கிறது. டெனோஃபோவிர் கொடுத்தாலும் டோலுடெக்ராவிர் கொடுத்தாலும் இரண்டையும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுத்தாலும் இதைத் தடுக்க முடியாது. நோயாளிகளின் வைரஸ் டிஎன்ஏ எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று வரிசை பார்த்தபோது, ஒரே இடத்தில் ஒட்டிய ஒரே செல்லின் நூற்றுக்கணக்கான வாரிசுகள் கிடைத்தன. கோரைக்கிழங்கு பக்கத்திலேயே குட்டி போட்டுக்கொள்வது மாதிரி. 2023-இல் வந்த ஒரு ஆய்வு இதன் கடைசி விளைவையும் காட்டியது. இருபது வருடத்துக்கு மேல் ஒழுங்காக மருந்து எடுத்தவர்களிடம் முதல் சில வருடங்களில் குறைந்த சேமிப்பு, பிறகு குறைவதை நிறுத்திவிட்டு, மிக மெதுவாக, இரட்டிப்பாக 23 வருடம் ஆகும் வேகத்தில், ஏறவும் செய்கிறது. ஆக அந்த 73 வருடக் கணக்குக்கூடக் கொஞ்சம் நம்பிக்கையானதுதான்.

இதற்குப் பயப்பட வேண்டாம். மருந்து இருக்கும்வரை அந்தச் செல்கள் எத்தனை இருந்தாலும் அவற்றிலிருந்து வெளியே வரும் வைரஸ் அடுத்த செல்லில் போய்க் குடியேற முடியாது. ஆனால் இதன் இன்னொரு பக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. சிலருக்கு, மாத்திரை ஒரு நாளும் தவறாமல் போட்டும், வைரல் லோட் 50-க்குக் கீழே போகாமல் 60, 100 என்று நிற்கும். முன்பெல்லாம் 'ஒழுங்கா போடலையா' என்று அவர்களைத்தான் குற்றம் சொல்வோம். இவர்களில் சிலருக்கு ஒரே ஒரு பெரிய செல் குடும்பம்தான் அந்த வைரஸை விட்டுக்கொண்டிருக்கிறது, மருந்தை மாற்றியும் பயனில்லை, எதிர்ப்பும் உருவாகவில்லை என்று 2020-இல் தெளிவாகத் தெரிந்தது. பாவம், செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

சரி, எந்த மருந்தும் சேமிப்பைத் தொடாது என்றால், எந்த மருந்தாக இருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. சேமிப்பைக் குறைப்பதில் வித்தியாசம் இல்லை, ஆனால் சேமிப்பில் என்ன போய்ச் சேர்கிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

மருந்து அரைகுறையாக இருக்கும்போது வைரஸ் பெருகுகிறது, மருந்தின் நெருக்கடியில் மாறுகிறது, மாறிய வடிவம் நினைவுச் செல்களுக்குள் போய்ப் படிந்துவிடுகிறது. அங்கே அது பத்திரப்பதிவு அலுவலகத்துப் பழைய ஏடு மாதிரி வருடக்கணக்காக இருக்கும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியில் லாமிவுடினை எதிர்க்கும் 184-ஆம் இடத்து மாற்றமும் நெவிரபின், எஃபாவிரென்ஸ் இரண்டையும் எதிர்க்கும் 103-ஆம் இடத்து மாற்றமும் அப்படிப் படிந்துகிடக்கும். பத்து வருடம் கழித்து அதே வகை மருந்து கொடுத்தால் அந்த ஏட்டிலிருந்து பழைய ஆள் எழுந்து வருவான். எஃபாவிரென்ஸ், நெவிரபின் காலத்தில் இதுதான் பெரிய தலைவலி. இந்த இரண்டும் ரத்தத்தில் வெகு நாள் தங்கும், கூட இருக்கும் மற்ற மருந்துகள் அதற்கு முன்பே வெளியேறிவிடும். ஒருவர் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினாலும், சில நாட்களுக்கு உடம்பில் எஃபாவிரென்ஸ் மட்டும் தனியாக நிற்கும். தனி மருந்து என்றால் எதிர்ப்பு உருவாக அதுவே போதும், ஒரே ஒரு எழுத்து மாறினால் வைரஸ் தப்பித்துவிடும்.

டோலுடெக்ராவிர் இந்த விஷயத்தில் உண்மையிலேயே மேல். அது இன்டகிரேஸோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், ஓரிரு மாத்திரை தவறினால்கூடச் சட்டென்று வைரஸ் தப்பிக்க முடியாது. எஃபாவிரென்ஸிலிருந்து டிஎல்டிக்கு மாற்றியது உங்கள் அண்ணனுக்கு நல்லதுதான், ராத்திரி வரும் கெட்ட கனவுகளும் தலைச்சுற்றலும் நின்றது அதில் ஒரு பங்கு. ரத்தத்தில் வைரஸை இறக்குவதிலும் இந்த வகைதான் வேகம், எஃபாவிரென்ஸில் சில மாதம் எடுக்கிற இறக்கம் இதில் சில வாரத்தில் நடந்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்து, சேமிப்பும் அதிகம் கரைந்திருக்கும் என்று நினைத்தார்கள். கரையவில்லை. வேகமாக இறங்குவது சாகப்போகிற செல்களின் கணக்கு, உறங்குகிற செல்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவ்வளவு வலுவான டோலுடெக்ராவிரையும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு மாத்திரை போதுமே என்று. நெதர்லாந்தில் நடந்த அந்த ஆய்வை 2017-இல் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது, சிலருக்கு வைரஸ் திரும்பியது, அதிலும் சிலருக்கு எதிர்ப்போடு திரும்பியது. ஆனால் டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் சேர்ந்த இரட்டை மருந்து, முன்பே எதிர்ப்பு இல்லாதவர்களுக்கு, மூன்று மருந்துக்கு நிகராக நிற்கிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டின. இதிலிருந்து எனக்குப் புரிவது, பாதையை அடைக்க ஒரு குறைந்தபட்ச பலம் வேண்டும், அது கிடைத்துவிட்டால் அதற்கு மேல் நான்கு மருந்து, ஐந்து மருந்து என்று குவிப்பது சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும்தான் சுமை.

நீங்கள் கேட்ட ஊசி காபோடெக்ராவிரும் ரில்பிவிரினும் சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இடுப்பில் போடுவார்கள். தினமும் மாத்திரை டப்பாவை ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டியவர்களுக்கு அது பெரிய விடுதலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது அடைப்பதும் அதே படிகளைத்தான், சேமிப்பு அப்படியே இருக்கும். பாதியில் விட்டுவிட்டால் சிக்கலும் அதிகம், ஏனென்றால் மருந்து ஒரு வருடத்துக்கும் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும், எஃபாவிரென்ஸுக்குச் சொன்ன அதே ஆபத்து இன்னும் நீளமாக. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனாகாபவிர் வைரஸின் உள்கூட்டைப் பிடிக்கும் புது வகை, அற்புதமான மருந்துதான், ஆனாலும் ஒட்டிவிட்ட டிஎன்ஏவுக்கு அதனிடமும் பதில் கிடையாது.

பழைய எஃபாவிரென்ஸைப் பற்றி ஒரு ஆச்சரியமான செய்தி உண்டு. 2021-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழு ஒன்று, இந்த வகை மருந்துகள் வைரஸின் புரோட்டியேஸை செல்லுக்குள்ளேயே முன்கூட்டித் தூண்டிவிடுகின்றன என்றும், அதைக் கார்டு8 என்ற புரதம் மோப்பம் பிடித்துச் செல்லைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது என்றும் காட்டியது. எச்.ஐ.வி. மருந்து ஒன்று தொற்றிய செல்லையே கொல்ல உதவும் என்று தெரிந்ததே பெரிய விஷயம். ஆனால் அதற்குச் செல் முதலில் விழித்து வைரஸ் புரதத்தைத் தயாரிக்க வேண்டும், உறங்கும் செல்லில் அது நடக்காது. அதனால் இதைக் கேட்டுவிட்டுப் பழைய மாத்திரைக்கே திரும்பலாமா என்று தயவுசெய்து யோசிக்க வேண்டாம்.

மருந்தின் பெயரைவிட அதிகம் வித்தியாசம் செய்வது எப்போது தொடங்கினோம் என்பதுதான். தொற்றிய சில வாரத்திலேயே தொடங்கியவர்களின் சேமிப்பு, வருடக்கணக்கில் தாமதித்தவர்களுடையதைவிடத் தெளிவாகச் சின்னது. பிரான்சில் 2013-இல் 14 பேரைப் பற்றி எழுதினார்கள், தொற்றிய ஓரிரு மாதத்தில் சிகிச்சை தொடங்கி, சில வருடம் எடுத்து, பிறகு நிறுத்தியும், வருடக்கணக்காக வைரஸ் எழவில்லை. இது அபூர்வம். தாய்லாந்தில் இதைவிடச் சீக்கிரம், ஆன்டிபாடி பரிசோதனையில்கூடத் தெரியாத முதல் கட்டத்திலேயே தொடங்கிய எட்டுப் பேர், இரண்டு வருடத்துக்கும் மேல் மருந்து எடுத்த பிறகு கண்காணிப்போடு நிறுத்திப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கும் திரும்பியது, நடுத்தரமாக 26 நாளில். மிசிசிப்பியில் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கப்பட்ட குழந்தைக்கு, ஒன்றரை வயதில் மருந்து நின்றுபோய், 27 மாதம் எதுவும் தெரியவில்லை. உலகமே கொண்டாடியது. 2014 ஜூலையில் வைரஸ் திரும்பிவிட்ட செய்தி வந்தபோது எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

நிறுத்திப் பார்ப்பதைப் பற்றி உங்கள் அண்ணனுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்திய பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் ரத்தத்தில் ஏறிவிடும், எத்தனை வருடம் அடங்கியிருந்தாலும் சரி. சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்துக்கு லீவு கொடுக்கலாமா என்று 5,472 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. விட்டுவிட்டு எடுத்தவர்களுக்குச் சந்தர்ப்பவாத நோயோ (எதிர்ப்புச் சக்தி குறைந்த நேரம் பார்த்துத் தாக்குவது) மரணமோ வரும் வாய்ப்பு 2.6 மடங்கு இருந்ததால் 2006 ஜனவரியில் அதை அவசரமாக நிறுத்தினார்கள். அதில் பலரை வீழ்த்தியது எய்ட்ஸ்கூட இல்லை, மாரடைப்பு, சிறுநீரகம், ஈரல். வைரஸ் எழுந்தால் உடம்பு முழுக்க ஒரு அழற்சி மூளும், அதுதான் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியும் கூட இருந்தால் ஆபத்து இன்னொரு மடங்கு, டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்து அடக்கி வைத்திருக்கின்றன, நிறுத்தினால் ஈரல் திடீரென்று வீங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர், பேர் வேண்டாம், மூலிகையால் கிருமியை வேரோடு எடுக்கிறேன் என்ற ஒருவரை நம்பி எட்டு மாதம் மாத்திரையை விட்டுவிட்டு, 640 இருந்த சிடி4 110-க்கு வந்து, காசநோயோடு திரும்பினார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த வருடத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பதற்கே நம் நாட்டு மருந்து விதிகளில் தடை இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கிருமி முழுசாகப் போனவர்களே இல்லையா என்றால், விரல் விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள். பெர்லினில் 2007-இல் ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட திமோதி ரே பிரௌன் முதல் ஆள். எச்.ஐ.வி. உள்ளே நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற கதவே செல்லில் இல்லாத கொடையாளியைத் தேடிப் பிடித்தார்கள். அவர் 2020-இல் புற்றுநோய் திரும்பி இறந்தார், கடைசிவரை எச்.ஐ.வி. திரும்பவில்லை. ஆனால் இந்த மாற்று சிகிச்சையிலேயே சாகிறவர்கள் உண்டு, புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு எந்த மருத்துவரும் இதைச் செய்ய மாட்டார். உறங்கும் செல்லைத் தட்டி எழுப்பிக் கொல்லலாம் என்று வோரினோஸ்டாட் போன்ற புற்றுநோய் மருந்துகளை 2012-இலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். செல்கள் கண் விழித்தன, சாகவில்லை, சேமிப்பு குறையவில்லை. இப்போது பலவகை எச்.ஐ.வி.யையும் பிடிக்கும் ஆன்டிபாடிகளை ஊசியாகக் கொடுத்து, மருந்தில்லாமல் மாதக்கணக்கில் சிலரை அடக்கிவைக்க முடிகிறது. என் நம்பிக்கை அந்தப் பக்கம்தான். அது மருந்துக்கடைக்கு வரும் நாளில் அதற்குத் தகுதியான உடம்போடு இருக்க வேண்டுமென்றால், அதுவரை மாத்திரை.

வீணாகிவிட்டது என்று அண்ணன் சொல்வது எனக்குத் தாங்கவில்லை. 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது கொடுக்க ஒரு மாத்திரைகூட இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் போன்ற சில இடங்களில் இலவசமாகத் தொடங்கியபோதுகூட, உடம்பு மோசமான பிறகுதான் மருந்து கிடைத்தது. தொற்றியதும் எல்லோருக்கும் என்று ஆனது 2017-இல்தான். சென்னையிலிருந்தும் தம்பதிகள் பங்கெடுத்த ஒன்பது நாட்டு ஆய்வு ஒன்றுதான், சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறையும் என்று 2011-இல் காட்டியது. வைரல் லோட் கண்டறிய முடியாத நிலையில் நீடிப்பவர் மூலம் உடலுறவில் யாருக்கும் தொற்றவில்லை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் உறுதி செய்தன. உங்கள் அண்ணன் தின்ற மாத்திரைகள் அண்ணியை இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கின்றன. இந்தப் பத்து நாள் இடைவெளியால் அந்தப் பாதுகாப்பு இப்போது உறுதியில்லை, அதனால் அடுத்த வைரல் லோட் முடிவு வரும்வரை ஆணுறை அவசியம்.

நாளை மையத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். வைரல் லோட் எப்போது எடுப்பார்கள் என்பது ஒன்று, மாத்திரை மறுபடி தொடங்கி மூன்று மாதம் கழித்து எடுப்பது நல்லது. மஞ்சள் காமாலை பி பரிசோதனை எப்போதாவது செய்திருக்கிறார்களா என்பது இரண்டாவது. மூன்றாவது, அவருக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா என்பது, ஏனென்றால் ஒளிந்திருக்கும் கிருமியால் வரும் மெல்லிய அழற்சி இதயத்தையும் பாதிக்கக்கூடும், அந்த வகையைச் சேர்ந்த பிட்டாவஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்ததாக 2023-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அப்புறம், சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரையோ அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்தோ எடுக்கிறாரென்றால் சொல்லச் சொல்லுங்கள், சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகளை டிஎல்டியோடு வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டாலும், அந்த அசிடிட்டி மருந்தைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டாலும்கூட, டோலுடெக்ராவிர் சரியாக உறிஞ்சப்படாது. பத்து நாள் விட்டதற்கு அங்கே யாராவது கடிந்துகொள்ளலாம். நீங்களும் கூடவே போங்கள், அவர் வாசலோடு திரும்பி வந்துவிடாமல்.